17 கட்டங்களும் ஒரு கப்பலும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2015 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள், மொத்தம் 17, கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். 2030-க்குள் வறுமையும் பசியும் ஒழிய வேண்டும், கடல் சுத்தமாக வேண்டும், எல்லாருக்கும் நல்ல படிப்பு கிடைக்க வேண்டும். நல்லதுதான். நான்காவது இலக்கின் ஏழாவது பிரிவு எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும்: நீடித்த வளர்ச்சி, மனித உரிமை, அமைதி, உலகக் குடியுரிமை எல்லாவற்றையும் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் கற்றிருக்க வேண்டும் என்கிறது. அதிலும் எனக்கு மறுப்பு இல்லை. என் சண்டை அந்தப் படத்தோடு அல்ல, அதைப் பள்ளிக்கூடங்களில் நடத்துகிற விதத்தோடு.

எப்படி நடத்துகிறார்கள்? ஒரு நாள் குறிப்பார்கள். பிள்ளைகள் கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு வருவார்கள், ஒருவன் பிரேசில், ஒருத்தி ஜப்பான். ஒரு பாட்டு. ஓர் உறுதிமொழி: குப்பை போட மாட்டேன், தண்ணீரை வீணாக்க மாட்டேன். எல்லாருக்கும் ஒரு பெட்டி ஜூஸ், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கேக். புகைப்படம். மறுநாள் காலை பழையபடி கணக்கு, பிரெஞ்சு, ஆங்கிலம், சாயங்காலம் லெசோன். (வெளியூர் வாசகர்களுக்கு: லெசோன் என்பது எங்கள் ஊர் ட்யூஷன். மொரிஷியஸில் பிறந்த பிள்ளைக்கு அதிலிருந்து தப்பிக்க வழியே இல்லை.)

நான் தமிழ் ஆசிரியை. எங்கள் தீவில் ஆரம்பப் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இந்தி, தெலுங்கு, மராத்தி, உருது மாதிரி. என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் பேசுவது எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். தைப்பூசக் காவடிக்குத் தவறாமல் போவார்கள், ‘ரசோன்’ என்று ரசம் கேட்டுக் குடிப்பார்கள், ஆனால் ஒரு முழு வாக்கியம் தமிழில் சொல்லச் சொன்னால் முழிப்பார்கள். அதனால் உலகக் குடியுரிமையை நான் தமிழில் நடத்துகிறேன் என்று சொன்னால் மற்ற ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. யார், எங்கே, எப்போது, ஏன், யாருடைய என்று வினாச்சொற்களை எப்படியும் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். அவற்றை வைத்து ‘உன் பெயர் என்ன, உன் வீடு எங்கே’ என்று நூறு தடவை கேட்பதற்குப் பதிலாக ஒரு கப்பலைப் பற்றிக் கேட்கலாமே என்று ஆரம்பித்தது.

எந்தக் கப்பல் என்று மொரிஷியஸ்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாகாஷியோ. 2020 ஜூலை 25 அன்று தென்கிழக்கே ப்வேன்ட் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது, ஏறக்குறைய 300 மீட்டர் நீளம். பன்னிரண்டு நாள் அப்படியே கிடந்தது. நாங்களும் பார்த்துக்கொண்டே இருந்தோம், அரசாங்கமும் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசிய ஆரம்பித்தது, மொத்தம் சுமார் 1,000 டன். புளூ பே கடல் பூங்கா ஒரு பக்கம், இல் ஓ ஸெக்ரெத் தீவு இன்னொரு பக்கம், மாஹேபூர் கரை முழுக்கக் கறுப்பு. ஆகஸ்ட் 15-இல் கப்பல் இரண்டாக உடைந்தது. இப்போது ஆறாம் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது பாலர் பள்ளியில் இருந்தார்கள், ஆனாலும் அந்த நாற்றம் நினைவிருக்கிறது என்று தெற்குப் பக்கத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

கரும்பலகையில் கேள்விகளை எழுதிப் போடுவேன். கப்பல் யாருடையது? ஒரு ஜப்பான் கம்பெனியுடையது. எந்த நாட்டுக் கொடி? பனாமா. யார் ஓட்டினார்கள்? இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ் நாட்டு ஆட்கள். எங்கிருந்து எங்கே? சிங்கப்பூரிலிருந்து பிரேசிலுக்கு. சரக்கு என்ன? ஒன்றும் இல்லை, காலிக் கப்பல்; கடலில் கொட்டியது அது தன் எஞ்சினுக்காக வைத்திருந்த எண்ணெய். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் ஏன் வந்தது? கைபேசி சிக்னல் தேடி. இதை நான் கதை கட்டவில்லை, ஜப்பானின் விபத்து விசாரணை அறிக்கையே இப்படித்தான் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இந்தப் பதிலில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சிக்னல் இல்லாவிட்டால் மனுஷன் என்ன செய்வான், பாவம், என்கிற முகம்தான்.

அவர்கள் தடுக்கி விழுவது பனாமாவில். ஜப்பான்காரர் கப்பலுக்குப் பனாமா கொடி எதற்கு? வரி குறைவு, விதிகள் இளக்கம், அதனால் உலகத்தில் பாதிக் கடலிலும் அந்தக் கொடி பறக்கிறது என்று விளக்கினேன். ஒரு பையன் உடனே கேட்டான், கிரியோலில்தான் கேட்டான்: “அப்போ பனாமாக்காரர்கள் வந்து சுத்தம் பண்ணினார்களா, மிஸ்?” நான் இருபது வருஷம் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதினாலும் இந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டேன்.

சுத்தம் பண்ணியது யார் என்று அவர்களுக்கே தெரியும். சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் போயிருப்பார். அரசாங்கம் வர வேண்டாம் என்றது, ஊர் கேட்கவில்லை. கரும்புத் தோட்டத்துச் சோகையை அள்ளி வந்து, துணியில் திணித்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டி, நீள நீளமான மிதவைகளாகத் தைத்துக் கடலில் விட்டார்கள். பெண்கள் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள், ஏனென்றால் முடி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அறிவியல் ஆசிரியர் நினைத்தால் இதை வைத்தே ஒரு மாதம் நடத்தலாம்: சோகை ஏன் எண்ணெயை உறிஞ்சுகிறது, எண்ணெய் ஏன் மிதக்கிறது, சதுப்புக் காட்டு மரத்தின் வேரில் ஒட்டினால் என்ன ஆகும். அதை விட்டுவிட்டு, அச்சடித்து வந்த தாளில் துருவக்கரடிக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறோம். துருவக்கரடி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பாவம் அதுவும் கஷ்டத்தில்தான் இருக்கிறது.

2021 டிசம்பரில் கப்பல் தலைவருக்கும் முதல் அதிகாரிக்கும் 20 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் இலங்கைக்காரர். இங்கே வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஓட்டியவர்தானே மோதினார், அவர்தான் பொறுப்பு என்று ஒரு பக்கம். கப்பல் வைத்திருந்தவரை ஏன் விட்டார்கள் என்று இன்னொரு பக்கம். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. உலகக் குடியுரிமை என்று எதையாவது காட்ட வேண்டுமென்றால் அந்தச் சண்டையைத்தான் காட்டுவேன். பத்து வயதுப் பிள்ளைகள் ஜப்பான், பனாமா, மும்பை, மாஹேபூர் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் போட்டுக்கொண்டு யார் யாருக்கு என்ன கடன் என்று கணக்குப் போடுகிறார்கள், பாதித் தமிழிலும் பாதிக் கிரியோலிலும், கத்திக்கொண்டு.

அப்புறம் அரிசி. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. உள்நாட்டில் விலை ஏறிக்கொண்டிருந்தது, தன் மக்களுக்கு முதலில் என்று முடிவெடுத்தது. எங்கள் கடைகளில் அடுத்த நாளே பேச்சு ஆரம்பித்துவிட்டது, சிலர் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினார்கள். ஆகஸ்ட் கடைசியில் பூட்டான், சிங்கப்பூர், மொரிஷியஸ் மூன்றுக்கும் மட்டும் சிறப்பு அனுமதி வந்தது, எங்களுக்கு 14,000 டன். செய்தித்தாளில் ஒரு பத்தியில் முடிந்த விஷயம். வகுப்பில் அது ஒரு வாரம் ஓடியது.

‘நம் தீவில் ஏன் நெல் இல்லை’ என்று கேட்டால் பிள்ளைகளிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர்கள் பார்த்தது கரும்பு மட்டும்தான். வயலுக்கு ஆள் வேண்டும் என்று 1834-இலிருந்து கப்பல் கப்பலாக இந்தியாவிலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்தார்கள், அவர்கள் ஏறி வந்த படிகளைத்தான் போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் என்று பார்க்கிறோம். வந்தவர்கள் கரும்பை நட்டார்கள். அவர்கள் தின்பதற்கு அரிசி அதே இந்தியாவிலிருந்து இன்னொரு கப்பலில் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. சர்க்கரை வெளியே, சோறு உள்ளே. ஆக, இந்தியாவில் மழை தவறினால் சோறு கிடைக்குமா என்று நாம் கவலைப்படுவதற்குக் காரணம் இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்ட வியாபாரக் கணக்கு. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் புரியாது என்கிறார்கள். புரிகிறது. வீட்டுக்குப் போய் அரிசிப் பையில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னேன், பருப்பு, பால் பவுடர், ஆப்பிள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி உப்பு வரைக்கும் போயிருந்தாள்.

பிளாஸ்டிக் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிக்கூடங்களில் நீடித்த வளர்ச்சி என்றாலே பிளாஸ்டிக் என்று ஆகிவிட்டது. மொரிஷியஸ் 2016 ஜனவரியிலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது, 2021 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், டப்பா எல்லாம் போயின. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், பட்டுக்கொள்வோம். ஆனால் பைக்குத் தடை வந்ததும் துணி மாதிரித் தெரிகிற ஒரு பை எல்லாக் கடையிலும் முளைத்ததே, அது பாலிப்ரொப்பிலீன், அதுவும் பிளாஸ்டிக்தான். இதைத் தெரிந்துகொண்டபோது பிள்ளைகளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும், தங்களை யாரோ சீட்டாட்டத்தில் ஏமாற்றிவிட்ட மாதிரி. பாட்டிமார் பஜாருக்குத் தூக்கிக்கொண்டு போன தாந்த், அதாவது வாக்வா ஓலையில் முடைந்த பை, இன்னும் பல வீடுகளில் மாட்டித்தான் இருக்கிறது. அதை இப்போது சுற்றுலாப் பயணிகள் வாங்குகிறார்கள், நாம் பாலிப்ரொப்பிலீனோடு போனோம்.

கோயிலில் ஏழு கறி போடும்போது வாழை இலைதான், அதில் நமக்குக் கவலை இல்லை. ஆனால் கல்யாண வீடுகளில் இப்போது மட்கும் டப்பா என்று ஒன்று வைக்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது, எத்தனை கடல் தாண்டி வருகிறது என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டால், எந்த டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் பிள்ளை ஏமாறாது. அதோடு இன்னொரு கேள்வி: போகிறது எங்கே? குப்பை லாரி கடைசியில் எங்கே போகிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ‘முனிசிபாலிட்டிக்கு’ என்கிறார்கள். முழுத் தீவுக்கும் ஒரே ஒரு குப்பைக் கிடங்குதான், தெற்கே மார் ஷிக்கோஸில், 1997-இலிருந்து. அங்கே வாழ்ந்த குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. அது இப்போது ஒரு மலை. என் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் இருந்தால் போதும், நான் பேச வேண்டிய அவசியமே இல்லை.

மரம் நடுவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் மரம் நடுவார்கள். மேட்டு நிலத்தில், கூர்பீப் பக்கம், எப்போதும் தூறல்தான், பிழைக்கும். கரையோரப் பள்ளிகளில் ஜூன் என்றால் குளிரும் வறட்சியும். கொஞ்ச நாளில் குளிர்கால விடுமுறை வந்துவிடும், தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது, அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று. ஐரோப்பாவுக்குப் பொருந்துகிற தேதியை இங்கே கடைப்பிடித்துக்கொண்டு மரத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஜனவரி மழையில் நடலாமே, பள்ளி திறக்கிற நேரமும் அதுதான்.

எந்த மரம் என்பதும் கேள்வி. ‘மரம் என்றால் மரம்தானே’ என்று நினைக்கிற ஊர் இல்லை இது. எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த பழம் கொயாவ் தெ ஷின், சின்னச் சிவப்புக் கொய்யா, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றால் எனக்கும் நாக்கு ஊறும். அது பிரேசிலிலிருந்து வந்த செடி. காட்டுக்குள் புகுந்து நம் கருங்காலியையும் மற்ற மண்ணின் மரங்களையும் முளைக்கவிடாமல் மூடிவிட்டது. இன்று தீவில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கிற இயற்கைக் காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இதைச் சொன்னால் ஒரு சின்ன அமைதி, அப்புறம் ‘அப்போ தின்னலாமா கூடாதா மிஸ்’ என்பார்கள். தின்னு, நிறையத் தின்னு, விதையைக் காட்டில் துப்பாதே என்று சொல்வேன்.

டோடோவைப் பற்றி எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், பதினேழாம் நூற்றாண்டிலேயே அழிந்தாயிற்று. அழுகை வருகிற கதை, ஆனால் அதற்குமேல் பிள்ளை செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் வல்லூறுக் கதையைத்தான் விரும்புகிறேன். 1974-இல் காட்டில் நான்கே நான்கு மொரிஷியஸ் வல்லூறுகள்தான் இருப்பதாகத் தெரிந்தது. வேல்ஸ் நாட்டுக்காரர் கார்ல் ஜோன்ஸ் 1979-இல் இங்கே வந்து, முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டு, உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பல வருஷம் பாடுபட்டார். இன்று நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. உலகக் குடிமகன் எப்படி இருப்பான் என்று ஆளைக் காட்டச் சொன்னால் இவரைக் காட்டலாம். அந்தப் பறவைக்காக அவரோடு சேர்ந்து வேலை செய்த, பெயர் வெளியே தெரியாத மொரிஷியஸ்காரர்களையும் சேர்த்தே காட்ட வேண்டும், அதை யாரும் செய்வதில்லை.

கடைசியாகக் கொஞ்சம் கசப்பான விஷயம். சாகோஸ் தீவுகள். 1965-இல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரிஷியஸிலிருந்து பிரித்து வைத்துக்கொண்டது. 1968-இலிருந்து 1973 வரைக்கும் அங்கிருந்த மக்களை முழுக்க வெளியேற்றியது, டியகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வருவதற்காக. பெரும்பாலானவர்களைக் கப்பலில் ஏற்றி போர்ட் லூயிஸில் இறக்கிவிட்டார்கள், வீடு கிடையாது, வேலை கிடையாது. அவர்கள் வளர்த்த நாய்களைக் கொன்றுவிட்டார்கள். பிள்ளைகள் மனதில் நிற்பது அந்த நாய்கள்தான். 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் பிரித்தது சட்டப்படி சரியில்லை என்று கருத்துச் சொன்னது. அந்த மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரிஷியஸ் பக்கம், எதிர்ப்பு 6. 2025 மே 22-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், தளம் மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு என்று. சுவரில் உலகக் குடியுரிமை என்று எழுதிவைத்துவிட்டு, சொந்த ஊருக்குப் போக அனுமதி கேட்டு ஐம்பது வருஷம் கோர்ட்டுக்கு அலைந்த மனிதர்களைப் பற்றி ஒரு பாடவேளை கூடப் பேசாமல் போனால் அந்த எழுத்துக்கு என்ன பொருள்?

இதற்குத்தான் ஒரு அம்மா என்னிடம் வந்து, “மிஸ், தமிழ் வகுப்பில் அரசியல் எதுக்கு, பரீட்சைக்கு இதெல்லாம் வருமா?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். வராது. ஆறாம் வகுப்புப் பரீட்சைத் தாளில் வாகாஷியோவும் வராது, 14,000 டன் அரிசியும் வராது. எந்தக் கல்லூரியில் (உயர்நிலைப் பள்ளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இடம் கிடைக்கும் என்று முடிவு செய்கிற பரீட்சை அது, அந்த அம்மாவின் பயம் நியாயமானது, நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அவர் மகள் ‘யாருடைய, எங்கிருந்து, எதற்காக’ மூன்றையும் தப்பில்லாமல் எழுதுகிறாள், பரீட்சைக்கு அது போதும் என்று சொல்லி அனுப்பினேன். சிரித்துக்கொண்டு போனார், முழுக்க ஒப்புக்கொண்டாரா என்பது வேறு.

இன்னொரு ஆசிரியை சொன்னது இதைவிட எனக்கு உறைத்தது. எண்ணெய், குப்பை மலை, அழிந்த காடு, துரத்தப்பட்ட ஜனங்கள் என்று இத்தனையையும் பத்து வயதில் தலையில் ஏற்றினால் பிள்ளை பயந்துபோகாதா என்றார். பயப்படும். 2013 மார்ச் 30-இல் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் 11 பேர் போனார்கள், 2024 ஜனவரியில் பெலால் புயலில் மறுபடியும் அதே நகரத்தில் கார்கள் மிதந்தன. பலத்த மழை என்றாலே பள்ளிக்கூடத்தை மூடுகிற நாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பயத்தை நான் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. எல்லாம் நீ போடுகிற மிட்டாய்க் காகிதத்தால்தான் என்று சொல்லி அந்தப் பயத்தைப் பிள்ளையின் தலையிலேயே கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உறுதிமொழி எடுக்க வேண்டியவர்கள் வேறு யார் யார் என்று பிள்ளைக்குத் தெரியட்டும். அப்புறம் மிட்டாய்க் காகிதத்தையும் குப்பைத் தொட்டியில் போடட்டும்.

அடுத்த பருவத்தில் தண்ணீரை எடுக்கலாம் என்று இருக்கிறேன். மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தில் ஆரம்பித்து, நவம்பரில் எங்கள் குழாய்க்கு ஏன் சில மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது, அதே நேரத்தில் கடற்கரை ஹோட்டலில் நீச்சல் குளம் எப்படி நிறைந்திருக்கிறது என்பது வரை. ரீயூனியனிலோ டர்பனிலோ தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பிள்ளைகள் வீட்டு அரிசிப் பையில் எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்துச் சொல்லுங்கள், எங்கள் பட்டியலை நாங்கள் தருகிறோம். உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.